கடைக்காரர் சொன்ன நூறும் கணக்குச் சொன்ன ஐம்பதும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம்மவர்களில் சிலர் இப்போது தங்கும் விடுதியைத் தேடுவதில்லை. வேன் ஒன்றின் பின்புறத்தில் மெத்தையைப் போட்டு, அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுகின்றனர். நல்ல பழக்கம்தான். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே.

ஆனால், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இந்தக் குளிர்பதனப் பெட்டி எத்தனை மணி நேரம் ஓடும்?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "கடைக்காரர் தாங்கும் என்று சொன்னார்."

இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் செராத்திங் கடற்கரைக்குச் சென்றோம். என் தாயாருக்கு நீரிழிவு நோய். அவருக்குரிய இன்சுலின் மருந்து வேனின் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். பெட்டிக்கென்று தனியாக ஒரு மின்கலத்தைப் பட்டறை ஒன்றில் வாங்கிப் பொருத்தியிருந்தேன். "நூறு ஆம்பியர்-மணி, சிக்கு. ரெண்டு நாளைக்குக் கவலையே வேண்டாம்" என்றார் கடைக்காரர். முதல் பயணத்தில் தாங்கியது. இது மூன்றாவது பயணம்.

இரவில் எப்போது நின்றதோ தெரியாது. பிள்ளைகளோடு கடலில் இருந்துவிட்டு நண்பகலில் வந்து திறந்தபோது பெட்டிக்குள் 34 பாகை. மூடிய வேனுக்குள் வெயில் செய்த வேலை. மருந்து முழுவதையும் எறிந்தோம். அருகிலிருந்த மருந்தகத்தைத் தேடி அலைந்து வேறு வாங்கினோம். "பரவாயில்லப்பா, நீ என்ன செய்வே" என்றார் அம்மா. அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. ஏனென்றால், நான் செய்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. பெருக்கல் கணக்கு!

அந்தக் கணக்கை இப்போது செய்து பார்ப்போம்.

என் பெட்டியின் அமுக்கி ஓடும்போது ஏறத்தாழ 50 வாட் எடுக்கிறது. 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 4 ஆம்பியர். அமுக்கி இடைவிடாமல் ஓடாது. நம் நாட்டு வெப்பத்தில் பாதி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் பாதி 12 மணி. அதை 4 ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-மணி.

"அப்படியானால் நூறு என்பது இரண்டு நாள்தானே? கடைக்காரர் சொன்னது சரிதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. ஈய அமில மின்கலத்தை அடிவரை வடித்தெடுத்தால் அது விரைவில் செத்துவிடும். பாதியோடு நிறுத்த வேண்டும். ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 வோல்ட் காட்டினால் பாதி. ஆக, பெட்டியில் அச்சிட்ட நூறு, பயன்பாட்டில் ஐம்பது. இரண்டு நாள் ஒரு நாளாகிவிட்டது.

அது மட்டுமன்று. எனக்கு விற்கப்பட்டது வண்டியைக் கிளப்புவதற்கான மின்கலம். அதன் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு உடனே மீண்டும் நிரம்பிக்கொள்ள வேண்டும். அதுவே அதன் பிறவிப் பயன். மணிக்கணக்கில் மெதுவாக வடிப்பதற்குத் தடித்த தகடுகள் கொண்ட வேறு வகை மின்கலம் இருக்கிறது. ஓட்டப் பந்தய வீரனை மூட்டை சுமக்கச் சொன்னேன். இரண்டு பயணம் சுமந்தான். மூன்றாவதில் விழுந்துவிட்டான். குற்றம் அவனுடையதா?

இதைச் சொன்னால் நண்பர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்கின்றனர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1) "இரவு முழுக்க என்ஜினை ஓடவிடுங்கள்." இதைவிட ஆபத்தான அறிவுரை வேறில்லை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகின்றவர் உறக்கத்திலேயே போய்விடுவார். மீனும் பாலும் கெடாமல் இருக்கப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைப்பதா?

2) "மலிவான குளிரூட்டும் பெட்டி போதும்." அமுக்கி இல்லாத அந்தப் பெட்டிகள் 1834-இல் பெல்டியே கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்குகின்றன. வெளி வெப்பத்தைவிட ஏறத்தாழ 20 பாகையே குறைக்கும். வெளியே 32 என்றால் உள்ளே 12. அதுவும் ஓய்வின்றி 4 அல்லது 5 ஆம்பியரை இழுத்துக்கொண்டே. நாளொன்றுக்கு நூறு ஆம்பியர்-மணி போய்விடும். விலை குறைவு, பசி அதிகம்!

3) "கூரையில் ஒரு சூரியத் தகடு வைத்தால் தீர்ந்தது." 100 வாட் தகடு, நல்ல வெயில் 4 மணி நேரம் என்றால் ஏட்டில் 400 வாட்-மணி. சூடும் படுத்த நிலையும் மேகமும் கழிந்தபின் 300 கிடைத்தால் மகிழ்ச்சி. அது 25 ஆம்பியர்-மணி. தேவையில் ஏறக்குறைய பாதி. உதவிதான், முழுத் தீர்வன்று.

4) "லித்தியம் போடுங்கள்." நல்ல யோசனை, மறுக்கவில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் அச்சிட்ட அளவில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றி எடுக்கலாம். எடையும் குறைவு. ஆனால், விலை அதிகம். அதை வண்டியின் மின்னாக்கியோடு நேரடியாக இணைக்கக்கூடாது. இடையே அதற்கென்று ஒரு மின்னேற்றி வேண்டும். 20 ஆம்பியர் மின்னேற்றி என்றால், ஒரு நாளில் செலவான 48-ஐ நிரப்ப இரண்டரை மணி நேரம் வண்டி ஓட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நாள் நிற்கப் போகிறவருக்கு இது எப்படிப் போதும்? லித்தியம் வாங்கியவரும் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

கம்பியையும் மறக்காதீர்கள். மின்கலத்திலிருந்து பெட்டிக்கு 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் காணாமல் போகும். மின்கலத்தில் 12.2 இருக்க, பெட்டி 11.6 என்று எண்ணிக்கொண்டு முன்னதாகவே நின்றுவிடக்கூடும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான். மின்கலத்தின் நேர்முனைக்கு அருகிலேயே உருகியும் வேண்டும். உருகி இல்லாத கம்பி, மெத்தைக்கு அடியில் வைத்த தீக்குச்சி.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை. வாத்தியாருக்கு எதற்கு?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். கம்பியைப் பூட்டுவது அவர் வேலை. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்பது நம் வேலை. கேள்வி கேட்காத வாடிக்கையாளருக்குக் கையில் இருப்பதை விற்பது வணிகரின் இயல்பு. ஆகவே கடைக்காரரை மட்டும் நான் குறை சொல்லப் போவதில்லை.

என் சினமெல்லாம் என் மீதும், என்னைப் போன்ற ஆசிரியர்கள் மீதும்தான். படிநிலை இரண்டு மாணவர்களுக்குத் தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும் கற்பிக்கிறோம். மின்குமிழ் எரிகிறதா, இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். "எவ்வளவு நேரம் எரியும்?" என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? கணிதப் பாடத்தில் பெருக்கல் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் மின்கலம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாமே சுவர் எழுப்பிவிட்டோம். பயிற்சிக் கழகத்தில் படித்து, இத்தனை ஆண்டுகள் கற்பித்த நானே அந்தச் சுவரில் மோதிக்கொண்டேன் என்றால், என் மாணவன் என்ன செய்வான்?

ஆசிரியர்களே, அடுத்த மின்னியல் பாடத்துக்கு ஒரு பொருளின் மின்விவரச் சீட்டை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுக்கச் சொல்லுங்கள். வருவதை மணியால் பெருக்கச் சொல்லுங்கள். பெற்றோர்களே, மின்கலம் வாங்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். காசு கொடுக்கும் முன் அந்தக் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். விடை வராவிட்டால் வாங்காமல் திரும்புங்கள்.

இவ்வாண்டு மீண்டும் பயணம் போகிறோம். தடித்த தகட்டு மின்கலம், தடித்த கம்பி, உருகி எல்லாம் மாற்றியாகிவிட்டது. அம்மாவின் மருந்துக்கு மட்டும் பனிக்கட்டிப் பையோடு தனிக் குடுவை ஒன்றும் வருகிறது, மருந்து பனிக்கட்டியைத் தொடாதபடி துணி சுற்றி. கணக்கு சரியாக இருந்தாலும் தாயின் மருந்தை ஒரே கம்பியில் தொங்கவிடக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன்.

சிந்திப்போம். கணக்கிடுவோம். பிறகு பயணிப்போம்.