பள்ளிக்கூடத்துக்கு யார் எஜமான்?

"எங்களுக்குப் புதிய சலுகை ஒன்றும் வேண்டாம், பழையபடியே இருந்துவிடுகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அதற்கு ஒரு சடங்கும் தேவையில்லை என்றுதான் நாம் எண்ணுவோம். அமெரிக்காவில் ஜார்ஜியா ராஜ்யத்தின் சட்டம் அப்படி எண்ணவில்லை. அங்கே ஒரு பள்ளி ஜில்லா, சர்க்கார் கொடுக்க முன்வந்த விதிவிலக்குகளை மறுப்பதாயிருந்தால், பகிரங்கக் கூட்டம் போட்டு அதை ஜனங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். கையெழுத்தும் போட்டுக் கொடுக்கவேண்டும். சும்மா இருப்பதற்கும் அங்கே சம்பிரதாயம் உண்டு! இந்த விசித்திரத்துக்குப் பின்னால் உள்ள விவகாரம், பள்ளிக்குப் போகும் குழந்தைகளையுடைய நம் நேயர்கள் தெரிந்துகொள்ளத் தக்கது.

ஜில்லா என்றதும் கலெக்டர் ஜில்லாவை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டிக்கு ஒன்றாகப் பள்ளி ஜில்லா. இவை தவிர, சில பட்டணங்கள் வெகு காலமாகத் தமக்கென்று தனியே வைத்துக்கொண்டிருப்பவை 21. ஆக மொத்தம் 180. ஒவ்வொன்றையும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு ஒன்று நிர்வகிக்கிறது. வீடு, நிலங்களின் பேரில் விதிக்கும் வரிதான் அதன் சொந்த வருமானத்தில் முக்கியமானது. நம் சென்னை ராஜதானியில் ஒரு காலத்தில் ஜில்லா போர்டுகள் பள்ளிக்கூடங்களை நடத்திவந்ததை வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஏறக்குறைய அதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் போர்டுகளுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து தலைவலியாக இருந்தன. ஜார்ஜியா போர்டுகளுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே வேலை.

வரி போதாது; பணத்தில் பெரும் பங்கு ராஜ்ய சர்க்காரிடமிருந்து வரவேண்டும். பணம் கொடுக்கிறவர் அதோடு விதியும் கொடுப்பார் அல்லவா? 1985-ல் நிறைவேறிய கல்விச் சட்டம், பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துச் சூத்திரம் போட்டுப் பணத்தைப் பங்கிட்டது. எந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும், உபாத்தியாயருக்கு என்ன யோக்கியதாபத்திரம் வேண்டும், சம்பள விகிதம் என்ன என்றெல்லாம் விதிகள் வளர்ந்தன. 2000-ம் வருஷம் கவர்னர் ராய் பார்ன்ஸ் கொண்டுவந்த சட்டம், ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாக்கிற்று. பள்ளிதோறும் பெற்றோர் அடங்கிய ஒரு சபையையும் அது ஏற்படுத்திற்று. சபை யோசனை சொல்லலாம். கேட்பதும் கேளாததும் மேலே இருக்கிறவர்கள் இஷ்டம்.

இந்த விதிகளைத் தளர்த்த இரண்டு வழிகள் பிறந்தன. 2007-ல் வந்தது சாஸன முறை. அங்கே 'சார்ட்டர்' என்பார்கள். ஜில்லா முழுவதும் ராஜ்யக் கல்விச் சபையிடம் ஒரு சாஸனம் பெறும். ஏறக்குறைய எல்லா விதிகளிலிருந்தும் ஒரே வீச்சில் விடுதலை. தேக ஆரோக்கியம், பாதுகாப்பு, சம உரிமை, பரீட்சை போன்றவை மட்டும் விலக்கில் சேரமாட்டா. கொஞ்சம் அதிகப் பணமும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: பெற்ற அதிகாரத்தை ஜில்லா தானே மடியில் கட்டிக்கொள்ளக் கூடாது. உத்தியோகஸ்தர் நியமனம், செலவு, பாடத்திட்டம், பள்ளியின் இலக்குகள் ஆகியவற்றைத் தீர்மானிப்பதில் ஒவ்வொரு பள்ளியின் சபைக்கும் மெய்யான பங்கு கொடுக்கவேண்டும்.

2008-ல் வந்தது ஒப்பந்த முறை. வகுப்பின் அளவு, செலவுக் கட்டுப்பாடு, யோக்கியதாபத்திரம், சம்பள விகிதம் என்ற நான்கில் ஒன்றிலாவது விலக்குக் கேட்கவேண்டும். பதிலுக்கு, பிள்ளைகளின் தேர்ச்சி இவ்வளவு உயரும் என்று பள்ளி பள்ளியாக வாக்குக் கொடுக்கவேண்டும். வாக்குத் தவறினால், தவறிய பள்ளியின் நிர்வாகமே ஜில்லாவின் கையைவிட்டுப் போகலாம். பள்ளிச் சபையோ முன்போலவே யோசனை சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி, மேலே சொன்னபடி, கூட்டம் போட்டுச் சும்மா இருப்பது. 2015 ஜூன் 30-ந் தேதிக்குள் ஒவ்வொரு ஜில்லாவும் இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமென்று கெடு வைத்தார்கள்.

அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? பெரும்பாலான ஜில்லாக்கள் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொண்டன. சாஸனத்தை விரும்பியவை அவற்றைவிடக் குறைவு. சும்மா இருக்கத் துணிந்தவையோ விரல்விட்டு எண்ணக் கூடியவை.

இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒப்பந்தம் என்பது மேலே இருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் நடக்கும் பேரம். போர்டுக்கு அதிகாரம் கூடுகிறது. யாருக்கும் பங்கு கொடுக்கவேண்டியதில்லை. சாஸனமோ, வாங்கிய கையோடு கொடுக்கவும் சொல்கிறது. அதிகாரத்தைக் கேட்டு வாங்குவதில் உள்ள உற்சாகம் அதைப் பகிர்ந்துகொடுப்பதில் எந்த தேசத்திலும் இருந்ததில்லை.

ஆயினும் போர்டுகளைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது நியாயமாகாது. ஒப்பந்தத்தில் முதலில் இறங்கியது க்வின்னெட் கவுண்டி. ராஜ்யத்திலேயே மிகப் பெரிய பள்ளி ஜில்லா. எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்திலிருந்து கவனமாக நடத்திப் பழகிய அந்த ஜில்லா, நகரப் பள்ளி ஜில்லாக்களுக்கென்று அமெரிக்காவில் அந்நாளில் வழங்கிவந்த பிராட் பரிசை 2010-லும் 2014-லும் பெற்றது. பக்கத்திலுள்ள ஃபுல்டன் கவுண்டி 2012-ல் சாஸன முறைக்குப் போயிற்று. இரண்டும் பணமும் படித்த ஜனங்களும் உள்ள இடங்கள். கிராமாந்தரத்தில் ஒரே ஓர் உயர்தரப் பள்ளியை வைத்துக்கொண்டு திண்டாடும் ஜில்லாவில், பள்ளிக்கொரு சபை சேர்த்து வரவு செலவு பார்க்க ஆள் எங்கே கிடைக்கும்?

நாம் கவலையோடு கவனிப்பது வேறொன்று. 2008-ல் ஒப்பந்தச் சட்டம் வந்த சமயத்திலேயே பொருளாதார மந்தம் வந்து சேர்ந்தது. சூத்திரப்படி தரவேண்டிய பணத்தை ராஜ்ய சர்க்கார் குறைத்துக்கொடுத்தது. முழுத் தொகைக்கும் இடமளித்த பட்ஜெட் 2018-ல்தான் நிறைவேறிற்று. இடைப்பட்ட காலத்தில் வகுப்புகள் பெருத்தன. சில ஜில்லாக்கள் 180 நாள் பள்ளி வருஷத்தையே சுருக்கின. இந்நிலையில், "வகுப்பின் அளவில் உங்களுக்குச் சுதந்திரம் அளிக்கிறோம்" என்று சர்க்கார் சொல்லும்போது, அதைச் சுதந்திரம் என்று அழைப்பதா? கொடுக்கவேண்டியதைக் கொடுக்காதவர், கேட்கவேண்டியதையும் கேட்காமல் விடுவதாகச் சொல்லும் சமரசம் என்றே நமக்குத் தோன்றுகிறது. இருபது பேர் இருந்த இடத்தில் முப்பது குழந்தைகள் உட்காரும்போது, உபாத்தியாயினியின் பார்வை கடைசி பெஞ்சு வரையில் எட்டாமற் போவதற்கு எந்தச் சட்டத்தில் விலக்குக் கிடைக்கும்?

அட்லாண்டா நகரத்தின் அனுபவம் மற்றொரு பாடம். 2009-ம் வருஷத்துப் பரீட்சையில் உபாத்தியாயர்களே பிள்ளைகளின் விடைகளை அழித்துத் திருத்தியது வெளிவந்தது. 2011-ல் வெளியான விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேர் சம்பந்தப்பட்டதாகக் கூறிற்று. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. மார்க்கைக் காட்டினால்தான் மதிப்பு என்ற நிர்ப்பந்தம் நல்லவர்களையும் எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்! ஏமாந்தவர்கள் குழந்தைகள். படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தேறிவிட்டாய் என்று சொல்லி அனுப்பினால், அதற்கு வேண்டிய உதவி ஒருநாளும் வந்து சேராது. இந்த அட்லாண்டாதான் 2016 ஜூலை முதல் சாஸன ஜில்லா ஆயிற்று. அங்கே பள்ளிச் சபையில் பெற்றோரும் உபாத்தியாயர்களும் தேர்தல் மூலம் வருகிறார்கள். மோசடிக்குப் பிராயச்சித்தமாக இதைச் செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சாஸனத்திலும் தேர்ச்சி இலக்குகள் உண்டு. ஆனால் கணக்கைப் பார்க்க வெளியார் சிலர் உள்ளே உட்கார்ந்திருப்பது நல்லதென்று அந்த ஊர் ஜனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருந்திராது.

அதே வருஷம் நவம்பரில் இன்னொரு கேள்வி வந்தது. தொடர்ந்து தேர்ச்சி குறைந்த பள்ளிகளை ராஜ்ய சர்க்காரே ஒரு தனி ஜில்லாவாகச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா என்று கவர்னர் நேதன் டீல் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார். ஒரே காலத்தில் 100 பள்ளிகள் வரையில் எடுக்கலாம் என்பது திட்டம். நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் கூடாது என்று ஓட்டளித்தார்கள். தங்கள் ஊர் போர்டின்மேல் அவர்களுக்கு ஆயிரம் மனஸ்தாபம் இருக்கலாம். ஆனால் அந்த போர்டை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். தலைநகரத்து அதிகாரியை அனுப்பமுடியாது.

இதே கணக்கைத்தான் பள்ளிச் சபைக்கும் போடவேண்டியிருக்கிறது. சட்டம் சபைக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது, நாற்காலி போட்டாயிற்று. சாயங்காலம் வேலை முடித்துப் பஸ் பிடித்து வீடு திரும்பி, சமையலை ஆரம்பிக்கும் தாய்க்கு அந்த நாற்காலியில் வந்து உட்கார வசதியான நேரம் எது என்பதை மட்டும், சாஸனத்தில் எழுதிக் கொடுக்க முடியவில்லை.