பாவிக்காத கணக்கும் கேட்காத கடனும்



கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் அலுமாரியில் பழைய வங்கிப் புத்தகமோ காசோலைப் புத்தகமோ கிடந்தால், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

2016ல் மச்சானோடு சேர்ந்து சின்னதாக ஒரு கொப்பிக் கடை போட்டேன். மொத்த வியாபாரிகளுக்குக் காசோலை கொடுப்பதற்காக என் பெயரில் ஒரு நடைமுறைக் கணக்குத் திறந்தேன். இரண்டு வருடத்தில் கடையை மூடிவிட்டோம். கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். "கிடந்தால் கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டேன். பிறகு வீடு மாறினேன், போன் நம்பரும் மாறியது. வங்கிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் பழைய வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மேலதிகப்பற்று நிலுவை 14,300 ரூபா, உடனே கட்டவும் என்று. நான் ஒரு சதம் கூடக் கடன் எடுக்கவில்லையே!

மறுநாள் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையாக விளக்கியது. "சேர், மினிமம் பெலன்ஸ் இல்லாததால மாசா மாசம் சார்ஜ் வெட்டியிருக்கு. சல்லி முடிஞ்ச பிறகும் வெட்டினதால கணக்கு மைனஸுக்குப் போயிட்டு. அந்த மைனஸுக்குத்தான் வட்டி."

வட்டி என்ற சொல்தான் என்னைச் சுட்டது. வட்டிக்குப் பயந்து லீசிங் போடாமல் நாலு வருடம் பஸ்ஸில் பாடசாலைக்குப் போனவன் நான். அந்த நாட்களிலும் என் பெயரில் வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. இடையில் நான் மவுத்தாகியிருந்தால்? இப்படியொரு கடன் இருப்பது என் மனைவிக்கே தெரியாது. ஜனாஸாவில் "மர்ஹூம் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்" என்று அறிவிக்கும்போது, வங்கி வந்து எழுந்து நிற்குமா?

என் கவனயீனத்தை நான் மறுக்கவில்லை. சேவைக் கட்டணம் எடுப்பதும் நான் கையெழுத்துப் போட்ட நிபந்தனைதான். ஆனால் சல்லி முடிந்த அன்றே கணக்கை நிறுத்தி வைக்காமல், நான் கேட்காத கடனைத் தந்து அதற்கு வட்டியும் போடுவது என்ன நியாயம்? நிலுவை 14,300 ஆன பிறகு அனுப்பிய கடிதத்தை, மீதி பூச்சியத்தை நெருங்கியபோதே அனுப்பியிருக்கலாமே.

சத்தம் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். கணக்கு விபரத்தை இணைத்து, வட்டியை நீக்கும்படி கேட்டு, இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன். பத்து நாளில் பதில் வந்தது. வட்டியை நீக்கிவிட்டார்கள், கட்டணத்தை நான் கட்டினேன். மிச்சமிருந்த காசோலைத் தாள்களை ஒப்படைத்து, கணக்கு மூடப்பட்டது என்று எழுத்திலும் வாங்கினேன். அல்ஹம்துலில்லாஹ்.

நம் ஊரில் இப்படி எத்தனை கணக்குகள் இருக்கும்! சுனாமி நிவாரணத்துக்குத் திறந்தது, வெளிநாட்டுச் சல்லி வரத் திறந்தது, 2023ல் அஸ்வெசும வந்தபோது உம்மாமார் வரிசையில் நின்று திறந்தது. எல்லாக் கணக்கும் மைனஸுக்குப் போகாது. சிலவற்றில் உங்கள் சல்லியே மறந்து கிடக்கலாம். 10 வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கிடக்கும் பணம் வங்கிச் சட்டப்படி மத்திய வங்கிக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் உரியவர் தன் வங்கி மூலம் கேட்டுப் பெறலாம்.

இந்த லீவு நாளில் அலுமாரியைத் திறந்து பாருங்கள். தேவையில்லாத கணக்கை நேரில் போய் மூடுங்கள், மூடியதற்கு எழுத்து வாங்குங்கள். தேவையான கணக்குக்குப் புதிய போன் நம்பரையும் முகவரியையும் கொடுங்கள். பிரச்சினை என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுங்கள். தீர்வு வராவிட்டால் 1935க்கு அழையுங்கள். அது மத்திய வங்கி முறைப்பாடுகளுக்கென்றே வைத்திருக்கும் இலக்கம்.

முக்கியமாக, எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.