சாவி யார் கையில்?

கிரிப்டோ நாணய உலகில் 'சமூகம்' என்னும் சொல் படும் பாட்டைக் கண்டு நமக்குச் சலிப்பே மிஞ்சுகிறது. தலைவர் இல்லை, முதலாளி இல்லை, எல்லாம் சமூகமே என்பர். பணம் போனபின் யாரைக் கேட்பது என்றாலோ, அதற்கும் அதே விடைதான்!

2020 ஆகஸ்ட் இறுதியில் தோன்றிய சுஷிஸ்வாப்பை எடுத்துக்கொள்வோம். முன்பே இயங்கிவந்த யூனிஸ்வாப் என்னும் நாணயப் பரிமாற்றத் தளத்தின் நிரலைப் படியெடுத்து உருவானது அது. பயனர்களுக்கே உரிமை என்று முழங்கியது. புதிதாக வெளிவரும் சுஷி நாணயத்தில் பத்தில் ஒரு பங்கு வளர்ச்சி நிதிக்குச் சென்றது. அந்நிதியின் சாவியோ 'செஃப் நோமி' என்ற முகமறியா ஒருவரிடம் இருந்தது. செப்டம்பர் 5 அன்று அவர் நிதியிலிருந்த சுஷியை ஈதர் நாணயமாக மாற்றி எடுத்துக்கொண்டார்; மதிப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலர். சுஷியின் விலை சரிந்தது. லைட்காயினைப் படைத்த சார்லி லீ 2017இல் விற்கவில்லையா என்று வாதிட்டார் நோமி. லீ கைவிட்டது தம் சொந்த உடைமையை. இவர் எடுத்தது பொதுநிதியை. இவ்வேறுபாடு விளங்காதவரிடமா ஊர்ப்பணத்தை ஒப்படைத்தார்கள்?

புனைபெயரை நாம் குறை கூறவில்லை. எழுத்துலகில் அது வழிவழி வந்த மரபு. ஆனால் புனைபெயரில் கதை எழுதுகிறவர் வாசகரின் பணப்பெட்டிக்குச் சாவி கேட்பதில்லை.

சில நாட்களில் நோமி மன்னிப்புக் கேட்டு ஈதரைத் திருப்பித் தந்தார். அதைப் பெருந்தன்மை என்று கொள்ள நம்மால் இயலவில்லை. திருப்பித் தருமாறு அவரைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் நிரலில் இல்லை. அவர் மனம் மாறியது, பணம் வந்தது, அவ்வளவே.

இதற்கிடையில் அவர் தளத்தின் கட்டுப்பாட்டை எஃப்.டி.எக்ஸ் நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃப்ரைடிடம் ஒப்படைத்திருந்தார். முகம் தெரியாதவரிடம் ஏமாந்தவர்கள் முகம் தெரிந்தவரிடம் அடைக்கலம் புகுந்தனர்! எஃப்.டி.எக்ஸ் விவகாரத்தில் 2023 நவம்பரில் அவரை நியூயார்க் நடுவர் குழு மோசடிக் குற்றவாளி என்று தீர்மானித்தது. 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பின்னர் சாவி பலரிடம் பகிரப்பட்டதே, ஒருவர் தனித்து எடுக்க முடியாதே என்பர் ஆதரவாளர். நல்லதே. ஆயினும் அவர்களைத் தேர்ந்தெடுத்த வாக்குகள் தலைக்கு ஒன்றாக எண்ணப்பட்டவை அல்ல, கைவசமுள்ள நாணயத்தின் அளவுக்கேற்ப எண்ணப்பட்டவை. அப்பலரும் கூடிப் பிழை செய்தால், சிறிதளவே நாணயம் வைத்திருப்பவர் எந்த மன்றத்தில் சென்று முறையிடுவது? விவரம் அறிந்தவர் யாரேனும் விளக்கினால் கேட்கக் காத்திருக்கிறோம்.