காதை எவ்வளவு அடைப்பது?

சீயக்காய் வாங்கி வரச் சொன்னாள் மனைவி. நான் வாழைக்காய் வாங்கி வந்தேன். ஜீயபுரம் பக்கம் எனக்கே ஒன்றரை ஏக்கர் வாழை இருக்கிறது. காசு கொடுத்து வாழைக்காய் வாங்கிய வாழைக்காரன் ஸ்ரீரங்கம் உத்திர வீதிகளில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் பேத்தி என்னைப் புத்தூர் அரசு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வந்த வரைபடத்தில் கோடு தாழ்ந்த சத்தங்களில் ஒழுங்காகத்தான் போனது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றுக்குள் விழுந்தது. இடது காதைவிட வலது காதில் கிணறு ஆழம். மனிதர் பேச்சில் ச, த, க போன்ற மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது இந்த உயர்ந்த சத்தங்கள்தான். அவை போனால் பேச்சு காதில் விழும், சொல் புரியாது. சீயக்காய் வாழைக்காய் ஆவது இப்படித்தான்.

“என்ன வேலை பார்த்தீங்க?” என்றார் டாக்டர். துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் 31 வருஷம் கிரைண்டிங், சிப்பிங் என்றேன். தலையாட்டினார். “இப்ப என்ன ஓட்டுறீங்க?” என்று அடுத்து கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் ஓட்டுவது 1994 மாடல் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். டீசல் இன்ஜின். மேலே இருந்த கேன்வாஸ் கூடாரம் கிழிந்து நாலு வருஷமாகிறது. கதவு இல்லை. தினமும் மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், ஓடத்துறை, குடமுருட்டி, கரூர் ரோடு வழியாகத் தோப்புக்குப் போய் வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பேத்தி போனில் ஒரு டெசிபல் ஆப் போட்டுக் கொடுத்தாள். போன் ஆப் துல்லியமானதல்ல. மைக்கில் காற்று அடித்தால் இல்லாத சத்தத்தையும் சேர்த்துக் காட்டும். அதனால் போனை டாஷ்போர்டுக்குக் கீழே காற்றுப் படாமல் வைத்துப் பார்த்தோம். கரூர் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் 92 காட்டியது.

92 என்பது 85-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று நினைத்தால் தவறு. டெசிபல் கணக்கு வேறு மாதிரி. 3 டெசிபல் கூடினால் காதில் வந்து மோதும் சக்தி இரண்டு மடங்காகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்று வைத்தால் 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் ஒரே மணி. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. அதன்படி ஒரு முறை தோப்புக்குப் போய்த் திரும்பினால் என் அன்றைய படி தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் மிக்சி, டி.வி., கல்யாண மண்டபம் எல்லாம் கடன்.

சத்தத்தில் பாதி இன்ஜினிலிருந்து வரவில்லை என்பதை நான் 2022-23-ல் கற்றுக்கொண்டேன். 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தைச் சீர்செய்ய மூடியபோது, திருவானைக்காவல் தாண்டி சென்னை பைபாஸ் ஏறி, சஞ்சீவி நகரில் இறங்கி, ஓயாமரி வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. பைபாஸில் 75, 80 போனேன். அங்கே இன்ஜின் சத்தமே கேட்கவில்லை, காற்றுதான் கத்தியது. வீட்டுக்கு வந்து படுத்தால் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். காலையில் போய்விடும். போய்விட்டதே என்று நானும் விட்டுவிட்டேன். அந்த ‘ஙொய்’ காது எழுதும் முதல் நோட்டீஸ். உள்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் அடி வாங்கித் துவண்டு, மறுபடி நிமிர்கின்றன. பல முறை துவண்டவை ஒரு நாள் நிமிர்வதில்லை. அவை திரும்ப முளைக்கவும் முளைக்காது.

2009-ல் இங்கிலாந்தில் சில காது மருத்துவர்கள், கூரை திறக்கும் சொகுசுக் கார்களில் உட்கார்ந்து இரைச்சலை அளந்தார்கள். வேகம் கூடக் கூட 85-ஐத் தாண்டியது. பக்கக் கண்ணாடியை ஏற்றியதும் குறைந்தது. பணக்காரர்களுக்கு அது போதும். என் ஜீப்பில் ஏற்றுவதற்குக் கண்ணாடியே கிடையாது. ஷேர் ஆட்டோவிலும் கிடையாது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நான் முதலில் போனது மெக்கானிக்கிடம். சைலன்சர் கேஸ்கெட் ஊதிக்கொண்டிருந்தது, மாற்றினார். ஆடிக்கொண்டிருந்த பானெட்டுக்குப் புது ரப்பர் வைத்தார். மடக்கி வைத்திருந்த முன்கண்ணாடியை நிமிர்த்திப் போல்ட் போட்டார். “இவ்ளோ நாள் ஸ்டைலுக்காகவா மடக்கி வச்சிருந்தீங்க சார்?” என்றார். பதில் சொல்லவில்லை. இத்தனைக்கும் ஆப் 92-லிருந்து 89-க்குத்தான் இறங்கியது. மூன்றுதானே என்று உதட்டைப் பிதுக்கினேன். மூன்று என்றால் பாதி என்று பேத்தி நினைவூட்டினாள். காதுக்குள் எதையாவது திணிக்கும் முன் வண்டியைப் பார்த்துவிடுவது நல்லது. மீதிக்குத்தான் காதடைப்பு.

அதில் நான் செய்த முட்டாள்தனங்களைச் சொல்கிறேன்.

முதலில் பஞ்சு. அம்மா காலத்திலிருந்து காதில் பஞ்சுதானே வைக்கிறோம். அது மார்கழிப் பனிக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகாது. சத்தம் பஞ்சு வழியாகத் தாராளமாக உள்ளே போகும்.

அடுத்தது ஷாப்பில் போட்டுப் பழகிய இயர் மஃப். பெரிய கிண்ணங்கள். திருச்சிச் சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்தில் காதைச் சுற்றி வியர்வைக் குளம். மூக்குக் கண்ணாடியின் காம்பு கிண்ணத்தைத் தூக்கிவிடுவதால் அந்த இடைவெளியில் சத்தம் புகுந்துவிடும். தலையைத் திருப்பினால் காற்று கிண்ணத்தில் மோதி அதுவே ஒரு தவில். ஷாப்புக்குள் நிற்பவனுக்குச் செய்த பொருள் அது.

பிறகு மஞ்சள் நிற ஃபோம் பிளக். சேஃப்டி ஷூ, கையுறை விற்கும் கடைகளில் ஒரு டீ, வடைக் காசுக்கு ஒரு ஜோடி கிடைக்கும். பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். 29 என்று போட்டிருந்தது. சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று சொல்லும் எண் அது. 29 டெசிபல் குறையும் என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணில் 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கினால் வருவதுதான் வேலையிடத்தில் நம்பத்தக்க கணக்கு. 22-ல் பாதி, 11. என் 89-க்கு 78. தாராளமாகப் போதும்.

ஆனால் எனக்குப் போதவில்லை. போதும் என்ற மனம் அன்று இல்லை. ஃபோம் பிளக்கை ஆழமாகச் செருகி, அதன் மேல் இயர் மஃப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உலகமே ஊமையாகிவிட்டது. காவிரிப் பாலத்தில் ஏறும்போது திவ்யமாக இருந்தது. பாதிப் பாலத்தில் வலது பக்கம் ஒரு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு என் முழங்கைக்கு அரை அடியில் வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பஸ் ஹாரன் அடிக்காமல் வந்திருக்க வாய்ப்பே இல்லை. இந்த ஊரில் ஹாரன் அடிக்காத டவுன் பஸ்ஸை நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் விழவில்லை. ஓரமாக நிறுத்தி, இரண்டையும் கழற்றி, கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காது நன்றாக இருப்பவனுக்குப் பிளக் போட்டால் இரைச்சலும் ஹாரனும் சேர்ந்தே இறங்கும். இரைச்சலுக்கு மேலே ஹாரன் தலையைத் தூக்கித்தான் நிற்கும். “வண்டிச் சத்தம் கேட்டாத்தான் ஓட்ட வரும்” என்று சொல்லும் டிரைவர்கள் இதை ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம். என் போல் ஏற்கெனவே காது மந்தமானவன் கதை வேறு. மேல்ஸ்தாயிச் சத்தம் எனக்கு அரைகுறையாகத்தான் வருகிறது. ஃபோம் பிளக் அடிக்குரலைவிட அந்த மேல்ஸ்தாயியைத்தான் அதிகம் விழுங்கும். மிச்சமிருந்ததையும் அது விழுங்கிவிட்டால் ஹாரன் விழாது. அதனால் காதடைப்பு வாங்கும்போது எது அதிகம் அடைக்கும் என்று கேட்கக் கூடாது. என் காதுக்கும் என் வண்டிக்கும் எவ்வளவு போதும் என்று கேட்க வேண்டும். ரோட்டில் ஓட்டுகிறவனுக்குக் காதுக்குள் சத்தம் 75-லிருந்து 80-க்குள் வந்தால் போதும். அதற்கு மேல் அடைப்பது ஆபத்து.

இப்போது நான் போடுவது சங்கீத வித்வான்களுக்காகச் செய்த பிளக். நடுவில் சின்ன ஃபில்டர் இருக்கிறது. தாழ்ந்த சத்தம், உயர்ந்த சத்தம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பேச்சு மங்காது, சின்னதாகும், அவ்வளவுதான். விலை ஃபோமைப் போல நூறு மடங்கு. தோப்பில் ஒரு தார் விற்ற காசு அதற்குப் பற்றாது. காது நன்றாக இருக்கும் இளவட்ட ஆட்டோக்காரருக்கு இது தேவையே இல்லை. மலிவான ஃபோமோ, மூன்று அடுக்கு சிலிக்கோன் பிளக்கோ போதும்.

ஃபோமைப் போடும் விதம் மட்டும் முக்கியம். விரல்களுக்கு நடுவே பீடி சுற்றுவதுபோல் ஒல்லியாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்னால் இழுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே போகும் வழி நேராகும். செருகிவிட்டு அரை நிமிஷம் விரலால் பிடித்துக்கொண்டால் அது விரிந்து உட்காரும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காதில் பூ வைத்த கதைதான். இன்னொன்று, கை சுத்தம். வாழைக்கறை பட்ட கையால் உருட்டினால் மஞ்சள் பிளக் ஒரே நாளில் கறுத்துவிடும். அதோடு காதில் அரிப்பும் வரும்.

ஓடத்துறைப் பக்கம் ஒரு போலீஸ்காரர் மடக்கினார். “ஓட்டும்போது பாட்டா பெரியவரே?” பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். ஒயர் இல்லை, புளூடூத் இல்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கும் இது வேணும் போல” என்றார். பாட்டு இயர்போனைக் காதடைப்பு என்று சொல்லிப் போட்டுக்கொள்ளும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: வெளிச் சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றுவீர்கள். காதுக்கு இரண்டு வழியிலும் அடி.

திருவானைக்காவலில் அகிலாண்டேஸ்வரியின் உக்கிரம் தணிய ஆதிசங்கரர் காதில் தாடங்கம் என்ற தோடு சாத்தினார் என்பது தல வரலாறு. நான் பிளக் போட ஆரம்பித்த பிறகு வீட்டுக்கு வந்ததும் எரிந்து விழுவது குறைந்துவிட்டது என்கிறாள் மனைவி. அவள் இதற்குத் தாடங்கம் என்றே பேர் வைத்துவிட்டாள். “என்னங்க, தாடங்கம் எடுத்துக்கிட்டீங்களா?”

என் கதை போகட்டும். என் வருத்தம் வேறு. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், இரைச்சலால் வரும் காது கேளாமை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. தொழிற்சாலைக்குள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லையும் இருந்தது. இதெல்லாம் எந்த அளவுக்கு நடந்தது என்பதற்கு என் காதே சாட்சி என்றாலும், கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டால் அதுவும் இல்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் நிற்கும் டீசல் ஆட்டோக்காரருக்குப் பின்னால் இன்ஜின், இரண்டு பக்கமும் திறப்பு, அக்கம்பக்கம் ஏர் ஹாரன். நான் ஒரு நாளில் 2 மணி நேரம் ஓட்டுகிறேன், அவர் 12 மணி நேரம் ஓட்டுகிறார்.

ஹாரனைத் தப்பாக அடித்தால் முதல் தடவை ரூ.1,000 அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்தார்கள். நல்லது, வசூலிக்கட்டும். வாடகை வண்டிக்கான டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் வைத்திருப்பவர் 5 வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்தோடு படிவம் 1ஏ கொடுக்கிறார். சாதாரண ஒலிக் குறிப்புகள் கேட்காத அளவுக்குச் செவிடா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. கை தட்டிப் பார்த்தே அதற்குப் பதில் எழுதிவிடலாம். அதற்குப் பதிலாகக் கண்ணாடி அறைக்குள் பத்து நிமிஷம் உட்கார வைத்து அந்த வரைபடத்தை எடுக்கட்டும். கோடு கிணற்றை நெருங்குகிறதா என்று 30 வயதிலேயே தெரிந்துவிடும். லைசென்ஸைப் பிடுங்குவதற்கு அல்ல, வரைபடத்தோடு ஒரு பாக்கெட் பிளக் கொடுப்பதற்கு. போக்குவரத்துத் துறைக்கு இது பெரிய செலவில்லை.

பகல் பத்தில் ஸ்ரீரங்கம் கோயில் அர்ச்சுன மண்டபத்தில் அரையர் தாளம் தட்டினால் அதன் கடைசி ரீங்காரம் எனக்கு இப்போது வருவதில்லை. தட்டுவது தெரிகிறது, வால் தெரியவில்லை. அது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாம்பழச் சாலைப் பக்கம் ஆட்டோ ஓட்டும் தம்பிகளுக்கு: காலை ஆறரை மணிக்கு அந்த வழியாகத்தான் போவேன். கூரை இல்லாத பச்சை ஜீப். டாஷ்போர்டில் எப்போதும் பத்து ஜோடி புது பிளக் இருக்கும். கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.