பாடசாலையில் சமயமும் சமயஞ்சாரா நோக்கும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் ஒரு கட்டாய பாடமாகும். சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்பவற்றுள் தத்தம் குடும்பத்தின் சமயத்தையே பெரும்பாலும் நீங்கள் கற்கின்றீர்கள். அடுத்த வாங்கில் இருக்கும் நண்பரின் சமயத்தையோ, கடவுள் நம்பிக்கையின்றி அறத்தைப் பேசுவோரின் நோக்கையோ கற்பதற்கு அப்பாடத்தில் இடம் மிகக் குறைவு. அரச பாடசாலைகள் இவற்றையும் சமமாக மதித்துக் கற்பிக்க வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

இவ்விவாதம் தெல்லிப்பழைக்குப் புதியதன்று. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் இங்கு ஆரம்பித்த பாடசாலையே இன்றைய யூனியன் கல்லூரி. அக்கால மிசன் பாடசாலைகளில் ஆங்கிலக் கல்வியும் விவிலியமும் ஒன்றாகவே கிடைத்தன. 1910 இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவினார். இன்று இவ்விரண்டும் அரச பாடசாலைகள். எல்லாச் சமயத்தவரும், சமயம் சாராதோரும் செலுத்தும் வரியே அரச பாடசாலைகளைத் தாங்குகின்றது. ஆகவே அங்கு எவரது நோக்கும் புறக்கணிக்கப்படலாகாது.

"பிறர் கொள்கையைக் கற்றால் பிள்ளையின் நம்பிக்கை தளர்ந்துவிடாதா?" எனச் சிலர் வினவுவர். ஆறுமுக நாவலரை எண்ணிப் பாருங்கள். அவர் வெஸ்லியன் மிசன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றார். அவரே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறர் நூலை அறிந்தமை அவரது சைவப் பற்றைக் குறைக்கவில்லை.

எனினும் "சமம்" என்பதன் பொருளை நீங்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். "இதனை நம்பு" என்பது போதனை. "இவர்கள் இவ்வாறு நம்புகின்றனர், அதற்கான காரணம் இது" என்பது கல்வி. பொதுப் பாடசாலைக்கு உரியது பின்னையதே. மேலும், உயிரியலில் வரும் கூர்ப்புக் கொள்கை சான்றுகளின் மீது நிற்பது. விஞ்ஞான வகுப்பில் அதனைச் சமய நம்பிக்கையோடு நிறுத்துப் பார்ப்பது சமத்துவமாகாது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றது. ஒரு வழியை மாத்திரம் அறிந்த பிள்ளைக்குத் தெரிவு செய்யும் சுதந்திரம் பெயரளவில் மட்டுமே இருக்கும். சொந்தச் சமய பாடம் தொடரட்டும். அதனோடு பிற சமயங்களையும் சமயஞ்சாரா அறநோக்கையும் அறியும் பொதுப் பகுதி ஒன்று சேரட்டும்.

மாணவர்களே, நீங்கள் இக்கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். எதனை எழுதினாலும், மாற்றுக் கருத்தை அதற்குரியவர் ஏற்கும் வகையில் நேர்மையாக முதலில் எடுத்துரையுங்கள். அதன் பின்னரே மறுப்பைக் கூறுங்கள்.