வண்டி நமது, எழுத்து எவரது?

கொடைக்கானல் மலையில் வில்பட்டியை அடுத்துக் கிடக்கும் சிற்றூர் பள்ளங்கி. பூண்டும் உருளைக்கிழங்கும் அவரை வகைகளும் விளையும் அடுக்கு நிலங்களே அவ்வூர் மக்களின் வாழ்வு. முன்பு தலைச்சுமையாகவும் மட்டக்குதிரை முதுகிலும் நகர்ந்த மூட்டைகள் இன்று சிறு சரக்குந்துகளில் மலையிறங்குகின்றன. வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கோ ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ வேளையோடு போய்ச் சேராத மூட்டை விலை குன்றிப் போகும். ஆகவே பள்ளங்கி உழவனுக்கு வண்டி என்பது பகட்டுப் பொருள் அன்று. மண்வெட்டியைப் போல அதுவும் ஓர் உழவுக் கருவி. மண்வெட்டி பிடிக்க எவர் இசைவும் வேண்டுவதில்லை. வண்டி ஓட்டுதற்கோ, 1988-ஆம் ஆண்டின் உந்துவண்டிச் சட்டம் 3-ஆம் பிரிவின்படி அரசின் உரிமம் வேண்டும்.

உரிமம் வேண்டாவென்று எவரும் சொல்லார். வளைந்து வளைந்து இறங்கும் மலைவழியில் ஒருவன் செய்யும் பிழைக்கு எதிரே வருபவன் உயிரைக் கொடுக்க நேரும். தேர்வு கடுமையாகவே இருக்கட்டும். எட்டு வடிவில் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லட்டும். முடிந்தால் மலையேற்றத்திலும் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும். பனிமூட்டத்தில் பாதையறிந்து ஓட்டிப் பழகிய மலைமகன் அதற்கு அஞ்சுவான் அல்லன். அவன் அஞ்சுவது தேர்வுத் திடலை அன்று. தேர்வுத் திடலுக்கு முன்னே கிடக்கும் தாள்களை!

அவன் பெயர் பழனி என்று வைத்துக்கொள்வோம். அம்மலைப் பகுதியில் அப்பெயர் கொண்டார் எத்தனையோ பேர். தமிழில் அப்பெயருக்கு எழுத்து மூன்றே. எழுதும் முறையும் ஒன்றே. ஆங்கிலத்திலோ ழகரத்திற்கு எழுத்தில்லை. ஆகவே பள்ளிச் சான்றில் ஒருவர் லகரமாக எழுதியிருப்பார். ஆதார் அட்டையில் மற்றொருவர் ‘இசட்டு’, ‘எச்சு’ என ஈரெழுத்துகளைச் சேர்த்து எழுதியிருப்பார். குடும்ப அட்டையிலிருந்து எடுத்தெழுதியவர் மூன்றாவதாக ஒன்றைப் படைத்திருப்பார். ஊர்ப்பெயருக்கும் இதே நிலைதான். பள்ளங்கியின் ளகரம் ஆங்கிலத்துள் நுழைந்ததும் லகரமாகிவிடுகிறது. தாயிட்ட பெயர் ஒன்று. தாள்களில் ஆள் மூவர்! “பெயர் ஒத்துவரவில்லை; திருத்திக்கொண்டு வா” என்று வேண்டுகோள் திருப்பப்படுகிறது. தமிழில் எழுதியிருந்தால் எழுந்தே இராத ஒரு பிழைக்காகத் தமிழ்நாட்டிலேயே ஒரு தமிழன் நாட்கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து, மலையேறியும் மலையிறங்கியும் அலைகிறான். பள்ளங்கிக்கு மாவட்டத் தலைநகராகிய திண்டுக்கல் கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்பதைப் படிவம் அடித்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

இவ்விடத்தில்தான் தரகன் பிறக்கிறான். கையூட்டைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் அதனை ஒழுக்கக்கேடு என்ற அளவில் பேசி அமைந்துவிடுகின்றனர். ஒழுக்கக்கேடுதான், ஐயமில்லை. ஆயின் அக்கேடு முளைக்கும் மண் எது? தனக்கு விளங்காத தாளின் முன் நிற்பவன், அத்தாள் விளங்கிய ஒருவனைத் தேடியே தீர்வான். பழகுநர் உரிமத்திற்கு 150 உருபா, அதற்குரிய தேர்வுக்கு 50 உருபா, ஓட்டுத் தேர்வுக்கு 300 உருபா என 2016-ஆம் ஆண்டின் இறுதியில் நடுவணரசு திருத்திய நெறிகள் கட்டணம் குறித்தன. தரகன் கேட்பதோ அதனினும் பன்மடங்கு. உழவன் கொடுக்கும் அந்த மிகைப்பணம் என்ன பணம்? பாதி கையூட்டு என்றால் மறுபாதி மொழிபெயர்ப்புக் கூலி! கையூட்டு ஒழிப்புத் துறையினர் இத்தகைய அலுவலகங்களுள் திடுமெனப் புகுந்து கணக்கில் வாராப் பணத்தைக் கைப்பற்றும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. பணத்தைக் கைப்பற்றுகின்றனர், படிவத்தை விட்டுவிடுகின்றனர். மறுநாள் அதே வாயிலில் அதே தரகன்.

எல்லாம் இணையத்திற்கு வந்துவிட்டது, இனி எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை என்று மார்தட்டுகின்றனர். வந்தது உண்மைதான். அதன் பெயர்களைச் சற்றே பாருங்கள். உரிமம் வழங்கும் ஏற்பாட்டிற்குச் ‘சாரதி’. வண்டிப் பதிவிற்கு ‘வாகன்’. இரண்டையும் அடக்கிய தளத்திற்குப் ‘பரிவாகன்’. வண்டியோட்டுபவனை வலவன் என்று கழகக் காலத்திலேயே பெயரிட்டு அழைத்த மொழி தமிழ். ஊர்தி, உந்து, பேருந்து, சரக்குந்து, மிதிவண்டி எனப் புதுப்புதுச் சொற்களை நம் காலத்திலேயே ஈன்றெடுத்து, அவற்றுள் சிலவற்றைப் பேருந்து நிலையப் பலகை வரை ஏற்றிக்காட்டிய மொழியும் அதுவே. அம்மொழி பேசும் நாட்டில் உரிமம் கேட்பவன் முதலில் வடமொழிக் கதவைத் தட்ட வேண்டும்; கதவைத் திறந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரை எழுத வேண்டும். பழகுநர் தேர்வைத் தமிழில் எழுதலாமே என்பர். எழுதலாம், மறுக்கவில்லை. வாயிலில் இருவரை நிறுத்தி வழிமறித்துவிட்டு, உள்ளே ஓர் அறையில் மட்டும் தாய்மொழியில் பேசலாம் என்பது என்ன விருந்தோம்பல்? இறுதியில் கைக்கு வரும் அட்டையிலும் பெயர், தந்தை பெயர், ஊர் யாவும் ஆங்கில எழுத்திலேயே! 2024 பிப்பிரவரி 28 முதல் அவ்வட்டையும் அஞ்சல் வழியாகவே அனுப்பப்படுகிறது. முகவரியில் ஓரெழுத்துப் பிழைத்தால் மலையேறி வந்த அட்டை மலையிறங்கிப் போய்விடும்.

மொழி புரியாமையால் வரும் இழப்பு அலைச்சலோடு நிற்பதில்லை. சரக்கு வண்டி ஓட்டுதற்கு எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றொரு கட்டுப்பாடு இருந்தது. மலையூர்ப் பிள்ளைகள் பலரை அது ஓட்டுநர் பணிக்கே தகுதியற்றவராக்கியது. 2019-இல் அது நீக்கப்பட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, எடைகுறைந்த வண்டிகளுக்கான உரிமம் பெற்றவனே ஓட்டலாம். தனியே மற்றோர் ஒப்புதல் வேண்டுவதில்லை என 2017 சூலையில் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் விடவில்லை. நேர்ச்சி நிகழ்ந்தபோதெல்லாம், ‘ஓட்டியவனிடம் உரிய உரிமம் இல்லை’ என்று காட்டி இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து நழுவப் பார்த்தன. முடிவில் 2024 நவம்பர் 6 அன்று ஐவர் அமர்ந்த அரசமைப்பு ஆயம் முன்னைய தீர்ப்பையே உறுதிப்படுத்தியது. பள்ளங்கியிலிருந்து பூண்டு ஏற்றிச் செல்லும் சிறு சரக்குந்துகள் ஏறத்தாழ யாவும் இவ்வெடைக்குள் அடங்குவனவே. இத்தீர்ப்பு அவ்வோட்டுநர்களுக்கு வாழ்வும் சாவும் போன்றது. தமிழில் இரண்டு வரியாக எழுதி, எத்தனை அலுவலகச் சுவர்களில் இதனை ஒட்டினர்? ஒட்டியிருந்தால், தேவையற்ற ஒப்புதலுக்காகத் தரகனிடம் பணம் கட்ட எவனும் போயிரான். அறியாமை என்பது சிலருக்கு முதலில்லா வருமானம் போலும்!

உரிமத்தின் நிலை இஃதெனில் வண்டியின் நிலை அதனினும் இழிவு. நடுவணரசின் 1989-ஆம் ஆண்டு நெறிகளுள் 50-ஆவது, பதிவெண் பலகையின் எழுத்துகள் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்று கட்டளையிடுகிறது. தமிழில் எழுதியவன் தண்டம் கட்ட வேண்டும். சங்கரலிங்கனார் 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்து, பின்னர் 1969 சனவரி 14-இல் நாட்டுக்குக் கிடைத்தது ‘தமிழ்நாடு’ என்னும் பெயர். அப்பெயர் நம் வண்டிகளில் இரண்டு ஆங்கில எழுத்துகளாய்ச் சுருங்கித் தொங்குகிறது. அதைத் தமிழெழுத்தில் எழுதினால் குற்றமாம்!

வேற்று மாநிலக் காவலர் எங்ஙனம் படிப்பார் என்று வினவுவோர் உளர். வடுகபட்டிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டியைத் தில்லிக் காவலர் எங்கே நின்று படிக்கப் போகிறார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தமிழை மேலும் ஆங்கிலத்தைக் கீழுமாக எழுதினால் எவர் கண் மறைந்துவிடும்? சப்பானில் வண்டிப் பலகையில் சப்பானிய எழுத்து. தாய்லாந்தில் தாய் எழுத்து. வங்காளதேசத்தில் வங்க எழுத்து. அந்நாடுகளில் காவல்துறை இயங்கவில்லையா? திருட்டு வண்டி பிடிபடவில்லையா?

வண்டிப் பலகை எழுத்து எத்துணைப் பெரிய செய்தி என்பதை ஈழத்தமிழர் நம்மினும் முன்னரே உணர்ந்தனர். தனிச்சிங்களச் சட்டத்தை அடுத்து, 1957 தொடக்கம் முதல் இலங்கையில் புதிய வண்டிகளின் பலகையில் சிங்களச் ‘சிறீ’ எழுத்து ஏற்றப்பட்டது. ஓரெழுத்துத்தானே என்று தமிழர் வாளா இருக்கவில்லை; தார் பூசி அழித்தனர்; தமிழெழுத்தை எழுதினர்; சிறை சென்றனர். 1957 சூலை 26-இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்பாடு 1958 ஏப்பிரலில் கிழிக்கப்பட்டதும், அடுத்த திங்களில் தமிழர் குருதி சிந்தியதும் அவ்வெழுத்துப் போராட்டத்தோடு பிணைந்த வரலாறு. (அன்று ஈழத்தார் தமிழ்ச் ‘சிறீ’ என்று எழுதியதும் வடவெழுத்தே. ‘திரு’ என்று எழுதியிருந்தால் போராட்டம் இன்னும் தூயதாய் இருந்திருக்கும் என்பது தூயதமிழ் அன்பர்க்கு என்றுமுள்ள குறை.) அங்கே சிங்களத்தை எதிர்த்து எழுந்த உணர்ச்சிக்கு நம்மவர் கைதட்டினர். இங்கே தம் வண்டியில் தொங்கும் ஆங்கிலத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்துக்கொள்கின்றனர்.

தில்லியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பொறியால் இயங்கும் ஊர்திகள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 35-ஆம் பதிவாக உள்ளன. நடுவணரசின் சட்டத்திற்கு மாறாக மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 254-ஆம் உறுப்பின் இரண்டாம் உட்பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால், அச்சட்டம் இம்மாநிலத்தில் செல்லும். ஒப்புதல் வருமா வாராதா என்பது பின்னைய பேச்சு, கேட்டால்தானே மறுப்பார்? தமிழே ஆட்சிமொழி என்று 1956-இலேயே சட்டம் செய்த மன்றம் அது. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதுக என்று 2021-இல் ஆணையிட்ட அரசும் இங்குள்ளதே. கையொப்பத்தில் தமிழ், உரிம அட்டையில் ஆங்கிலம் என்றால், மாணவன் எதை நம்புவான்? தமிழை மேடையிலும் மாநாட்டு வளைவிலும் தொழுதுவிட்டு அலுவலகச் சாளரத்தில் கைவிடுவோர், எக்கட்சியினராயினும் ஒரு தட்டில் வைத்து நிறுக்கத் தக்கவரே.

சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணிகளும் உள. ஒவ்வோர் உரிமச் சாளரத்திலும் கட்டணப் பட்டியலையும் தேவைப்படும் சான்றுகளின் பட்டியலையும் 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரத்தையும் பெரிய தமிழெழுத்தில் எழுதி வைக்கப் போக்குவரத்து ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும். பெயரைத் தமிழில் எழுதித் தந்தால், அத்தமிழ்ப் பெயரையே மூலமாகக் கொண்டு ஆங்கில எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விடுவதற்கும் ஆணை போதும். தில்லிக்கு மடல் எழுத வேண்டுவதில்லை. மலையூர்களில் திங்களுக்கு ஒரு நாள் தேர்வு முகாம் நடத்துவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

நம் அன்பர்கள் தத்தம் ஊர்களில் கிழமைக்கு ஒரு மாலை ஒதுக்குக. கணிப்பொறி அறிந்த இளைஞர் இருவர் அமர்ந்து, உரிமம் வேண்டுவார்க்குக் கட்டணமின்றிப் படிவம் நிரப்பித் தருக. கையொப்பத்தைத் தமிழிலேயே இடச் செய்க. எழுத்து வேறுபாட்டால் திருப்பப்பட்ட தாள்களை எறிந்துவிடாது, நாளும் அலுவலகமும் குறித்துப் படியெடுத்துத் திரட்டுக. நூறு தாள் சேர்ந்த மாவட்டம், அவற்றைக் கட்டித் தன் சட்டமன்ற உறுப்பினரின் மேசைமேல் கொண்டுபோய் வைக்க.