நிழலை அளந்தால் உயரம் தெரியும்

"முக்கோணத்தைப் படிப்பதால் என்ன பயன்?" என்று பள்ளிப் பிள்ளை கேட்கும்போது, பெற்றோராகிய நாம், "தேர்வில் கேட்பார்கள், படி" என்று சொல்லி அதன் வாயை அடைத்துவிடுகிறோம். விடையை நம் வீட்டு முற்றத்திலேயே காட்டலாம்.

காய்ப்பு நின்றுபோன தென்னை ஒன்றை வெட்ட எண்ணுகிறோம் என வைத்துக்கொள்வோம். மரத்தடிக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே 13 மீட்டர். அடியோடு சாய்த்தால் மரம் வீட்டை எட்டுமா? கண்மதிப்பை நம்பி, "எட்டாது" என்று துணிவது அறிவுடைமை ஆகாது.

நல்ல வெயிலில், 1 மீட்டர் நீளமுள்ள கழியைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்துவோம். அதன் நிழல் 80 சென்டிமீட்டர் என்க. அதே வேளையில் மரத்தின் நிழலை அடியிலிருந்து நுனிவரை அளக்கிறோம். 12 மீட்டர் இருக்கிறது.

கழியும் அதன் நிழலும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். மரமும் அதன் நிழலும் மற்றொன்றின் இரு பக்கங்கள். கதிரவன் நெடுந்தொலைவில் இருப்பதால், அதன் கதிர்கள் இரண்டின்மீதும் ஒரே சாய்வில் விழுகின்றன. ஆகவே, அளவில் வேறுபட்டாலும் இரண்டும் வடிவொத்த முக்கோணங்களே. அவற்றின் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்தில் அமையும். மரத்தின் நிழல் கழியின் நிழலைப்போல் 15 மடங்கு. எனவே மரமும் கழியைப்போல் 15 மடங்கு, அதாவது 15 மீட்டர். இடைவெளியைவிட 2 மீட்டர் மிகுதி! வீட்டுப் பக்கம் சாய்ந்தால் கூரை தப்பாது. மேலிருந்து துண்டு துண்டாக வெட்டி இறக்குவதே தக்கது.

சில எச்சரிக்கைகள்: கழி சாய்ந்தாலும், தரை மேடுபள்ளமானாலும், இரு நிழல்களை வெவ்வேறு வேளையில் அளந்தாலும் விடை பிழைபடும். மரமே சாய்ந்து நின்றால் அங்கே செங்கோணம் இல்லை, இக்கணக்கும் செல்லாது.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தேலீஸ், தம் நிழல் தம் உயரத்திற்குச் சமமாகும் நேரம் பார்த்து எகிப்தியப் பிரமிடுகளை அளந்தார் என்று பண்டை நூல்கள் கூறுகின்றன.

வரும் விடுமுறையில் ஒரு கழியையும் அளவுநாடாவையும் பிள்ளையின் கையில் கொடுப்போம். பங்குக் கோவில் கொடிமரத்தின் உயரத்தை அது கண்டுபிடித்துச் சொல்லட்டும். "என்ன பயன்?" என்ற கேள்வி மறுமுறை எழாது.